நண்டுக்குக் கணக்கு, உழைப்பாளிக்கு என்ன கணக்கு?

சேர்வராயன் மலையின் உச்சியில், 1,623 மீட்டர் உயரத்தில், குனிந்து நுழைய வேண்டிய ஒரு குகைக்குள் சேர்வராயன் கோயில் இருக்கிறது. ஆண்டுதோறும் மே மாதத்தில் திருவிழா நடக்கிறது. சேர்வராயனோடு காவேரியம்மனும் அங்கே குடியிருப்பதாகவும், குகையின் மறுமுனை காவிரியில் போய் முடிவதாகவும் மலை ஜனங்கள் சொல்வார்கள். காப்பித் தோட்டத் தொழிலாளரும், மலைக் கிராமத்து விவசாயிகளும், சேலத்து மில் தொழிலாளரும் குடும்பம் குடும்பமாக அங்கே கூடுகிறார்கள்.

அந்தக் கோயில் மேட்டில், டீக்கடை பெஞ்சியில் நடந்த பேச்சு ஒன்று இந்தத் தலையங்கத்தை எழுத வைத்தது.

"முன்னே எல்லாம் எங்க ஓடையிலே கல்லைப் புரட்டினா நண்டு கிடைக்கும். புள்ளைங்களுக்குச் சளி பிடிச்சா நண்டு ரசம் வைப்போம். இப்போ பத்துக் கல்லைப் புரட்டினாலும் ஒண்ணு ஆப்பிடறதில்லே" என்றார் தோட்டத் தொழிலாளியான ஒரு அக்கா.

பக்கத்தில் இருந்த இளம் மில் தொழிலாளி சொன்னார்: "உங்க ஓடை நண்டை விடுங்க அக்கா. ராமநாதபுரத்துக் கடல் நண்டைக் கணக்கெடுத்து, இவ்வளவுக்கு மேலே பிடிக்காதேன்னு அளவு வைக்கணும்னு பேசறாங்களாம். ஏழை வயித்திலே அடிக்கிற வேலைதானே தோழர் இது?"

ஒரே வார்த்தையில் பதில் சொல்ல நம்மால் முடியவில்லை. "ஆம்" என்றாலும் பாதிதான் உண்மை. "இல்லை" என்றாலும் பாதிதான் உண்மை. ஆகவே முழுப் பதிலையும் இங்கே வைக்கிறோம்.

நண்டும் நாலு கூலியும்

பாக் விரிகுடாவும் மன்னார் வளைகுடாவின் கரையோரமும் ஆழ்கடல் அல்ல. பாக் விரிகுடாவில் பெரும்பகுதி பத்து மீட்டர் ஆழத்துக்கு உட்பட்டதே. அடியில் மணலும் சேறும் கடற்புல்லும். அந்தப் புல்வெளிகளில்தான் நீல நண்டு வளர்கிறது. தொண்டி, மண்டபம், ராமேசுவரம் பக்கத்து நாட்டுப்படகு மீனவர்கள் இதற்கென்றே தனி வலை வைத்திருக்கிறார்கள். நண்டு வலை என்றே அதற்குப் பெயர். மாலையில் வலையைக் கடலடியில் நிறுத்தி, விடியலில் எடுக்கிறார்கள். சிக்கிய நண்டைக் கால் ஒடியாமல் வலையிலிருந்து பிரித்தெடுப்பது பொறுமையான வேலை. பெரும்பாலும் கரையில் குடும்பம் முழுவதும் உட்கார்ந்து செய்கிற வேலை. அதற்குத் தனிக் கூலி யாரும் தருவதில்லை.

பிறகு நண்டு வியாபாரியிடம் போகிறது. வியாபாரியிடமிருந்து கம்பெனிக்குப் போகிறது. அங்கே பெண் தொழிலாளர்கள் வேக வைத்த நண்டை உடைத்து, சதையைத் தரம் தரமாகப் பிரித்து எடுக்கிறார்கள். அந்தச் சதை டின்னில் அடைக்கப்பட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறது. அங்கே உணவு விடுதியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்குத் தொண்டி என்ற ஊர் இருப்பதே தெரியாது.

முன்பு இந்த நண்டு உள்ளூர்ச் சந்தையில் மலிவாக விற்ற பண்டம். ஏற்றுமதி வந்ததும் விலை ஏறியது, வலையும் பெருகியது. நூறு மீட்டர் வலை போட்டவர் ஆயிரம் மீட்டர் போடும்படி ஆயிற்று. வலை வாங்கப் பணம் வேண்டும். வியாபாரி முன்பணம் கொடுக்கிறார். முன்பணம் வாங்கியவர் பிடித்ததையெல்லாம் அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். பண்ணையாரிடம் முன்பணம் வாங்கிக் கைகட்டி நின்ற தலைமுறையின் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடனை அடைக்க வேண்டியவன் சிறு நண்டு, சினை நண்டு என்று பார்க்க முடியுமா? கையில் வந்ததைக் கூடையில் போடுகிறான்.

இதுதான் பிரச்சினையின் வேர். நண்டு குறைகிறதென்றால் மீனவனின் பேராசையால் மட்டும் குறையவில்லை. அவனை விரட்டுகிற கடனும் விலையும் அதன் பின்னால் நிற்கின்றன.

காணாத சரக்கைக் கணக்கெடுப்பது எப்படி?

களத்தில் குவிந்த நெல்லை மரக்காலால் அளக்கலாம். கடலடியில் இருக்கிற நண்டை அப்படி அளக்க முடியாது. அப்படியானால் விஞ்ஞானிகள் எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்? இதில் மாயமில்லை. தொழிலாளி புரிந்துகொள்ளக் கூடிய கணக்குத்தான்.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947 பிப்ரவரியில் தொடங்கியது. 1949 முதல் 1971 வரை அதன் தலைமையகம் நமது மண்டபத்தில்தான் இருந்தது. பிறகு கொச்சிக்குப் போயிற்று. அதன் ஊழியர்கள் கரைகளில் நின்று கணக்கெடுக்கிறார்கள். எல்லாக் கரையிலும் எல்லா நாளும் நிற்க முடியாது. சில கரைகள், சில நாட்கள், சில படகுகள் என்று மாதிரி எடுத்து, அதிலிருந்து மொத்தத்தைக் கணக்கிடுகிறார்கள். சோற்றுக்கு ஒரு பருக்கை பதம் பார்ப்பதுபோல.

மீனாக இருந்தால் அதன் தலைக்குள் இருக்கும் சிறு கல்லை அறுத்து, மரத்தின் வளையம் எண்ணுவதுபோல வயதை எண்ணலாம். நண்டிடம் அது நடக்காது. நண்டு வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது ஓடு போர்த்துகிறது. பழைய கணக்கு ஓட்டோடு போய்விடுகிறது. ஆகவே ஓட்டின் அகலத்தை, ஒரு பக்கத்து முள் நுனியிலிருந்து மறுபக்கத்து முள் நுனி வரை, அளக்கிறார்கள். ஆணா பெண்ணா, பெண் என்றால் சினை உண்டா, சினை மஞ்சள் நிறமா கறுத்துவிட்டதா என்று குறிக்கிறார்கள். மஞ்சளாகத் தொடங்கும் சினை, குஞ்சு பொரிக்கும் தறுவாயில் கறுத்துவிடும். ஒரு தாய் நண்டு ஒரு தடவையில் லட்சக் கணக்கில் முட்டை சுமக்கும். அத்தனையும் பிழைப்பதில்லை, மிகப் பெரும்பாலானவை மீனுக்கு இரையாகின்றன.

பல மாதங்கள் இப்படி அளந்து சேர்த்தால் ஒரு சித்திரம் கிடைக்கிறது. வலையில் விழுவது பெரும்பாலும் சிறு நண்டாகவே இருந்தால், பெரிதாகும் முன்பே பிடித்துத் தீர்க்கிறோம் என்று பொருள். பிடிப்பே இல்லாத கடலில் ஒரு தாய் நண்டு தன் ஆயுளில் நூறு பங்கு முட்டையிடும் என்று வைத்துக்கொள்வோம். நாம் பிடித்தது போக, சராசரியாக எத்தனை பங்கு இட முடிகிறது? இருபது பங்குக்குக் கீழே போனால் ஆபத்து, முப்பது நாற்பது இருந்தால் பரவாயில்லை என்பது உலகெங்கும் பொதுவாக வைத்திருக்கிற கோடு. இலங்கையின் வடகரையில் இதே நீல நண்டைக் கணக்கெடுத்தபோதும் இந்த முறையைத்தான் கையாண்டார்கள்.

விவசாயத் தொழிலாளிக்கு இதைச் சொல்ல ஒரே சொல் போதும்: விதைநெல். பசி வந்தாலும் விதைநெல்லை உண்ணாதே என்று சொல்லி வளர்த்த சமூகம் நாம். சினை நண்டு கடலின் விதைநெல். எவ்வளவு விதை மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கணக்கெடுப்பு.

இன்னொரு லாபமும் உண்டு. பத்து செண்டிமீட்டர் அகலமுள்ள நண்டு பன்னிரண்டரை செண்டிமீட்டர் ஆனால், அகலம் கால் பங்குதான் கூடுகிறது. எடையோ ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. பெரிய நண்டுக்குக் கிலோ விலையும் அதிகம். சிறு நண்டைப் பிடிப்பவன் கதிர் முற்றும் முன் அறுப்பவனுக்குச் சமம்.

அப்படியானால் மீனவர்கள் தாமாகவே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். ஒருவர் விட்ட நண்டை மறுநாள் இன்னொருவர் பிடித்துவிட்டால்? ஒரு மில்லில் ஒரே ஒரு தொழிலாளி மட்டும் வேலைநிறுத்தம் செய்தால் அவருக்கு வேலை போகும். வேறு பலன் இராது. எல்லோரும் சேர்ந்து செய்தால்தான் கோரிக்கை ஜெயிக்கும். நண்டுக்கு அளவு வைப்பதும் அதே ரகம். எல்லோரையும் கட்டுப்படுத்தும் விதி வேண்டும்; அந்த விதியை எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டும். ஆகவே அளவு வைப்பதே தவறு என்று நாம் சொல்ல மாட்டோம். அப்படிச் சொல்வது இன்றைக்குக் கைதட்டல் வாங்கும். நாளைக்கு வலை காலியாக வரும்போது அந்தக் கைதட்டல் சோறு போடாது.

கணக்கு தவறினால்

ஆனால் கணக்கு என்றவுடன் கைகூப்பி விடவும் முடியாது. கணக்கு தவறும். தவறினால் யார் தலையில் விழுகிறது என்பதற்கு உலகத்தில் சாட்சி இருக்கிறது.

கனடா நாட்டில் நியூபவுண்ட்லாந்து என்ற தீவு. நூற்றாண்டுகளாகக் காட் என்ற மீனைப் பிடித்து வாழ்ந்த கரை. 1980களில் கரையோரத்துச் சிறு மீனவர்கள், "மீன் குறைகிறது, அளவும் சிறுக்கிறது" என்று முறையிட்டார்கள். சர்க்கார் கணக்கோ, சரக்கு ஏராளம் என்று சொன்னது. காரணம் என்ன? பெரிய இழுவைக் கப்பல்கள் எஞ்சிய மீன் எங்கே கூடியிருக்கிறதோ அங்கே தேடிப்போய் அள்ளின. மீன் அழிந்துகொண்டிருந்தபோதும் அந்தக் கப்பல்களின் பிடிப்பு குறையவில்லை. அந்தப் பிடிப்பையும் வைத்துக் கடலை மதிப்பிட்டார்கள். 1992 ஜூலையில் எல்லாம் முடிந்து மீன்பிடிப்பே தடை செய்யப்பட்டது. ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தார்கள். அந்தத் தடை 2024ஆம் ஆண்டில்தான் விலக்கப்பட்டது. ஒரு தலைமுறை முழுதும் கரையை விட்டுப் பிழைக்கப் போயிற்று.

மில் தொழிலாளர்களே, இந்தத் தவறு உங்களுக்குப் பழக்கமானது. இரண்டு தறி ஓட்டியவரை நான்கு தறி ஓட்டச் சொன்னால் துணியின் அளவு குறையாது, கூடும். கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பவருக்கு ஆலை நன்றாக ஓடுவதாகவே தோன்றும். தறி தேய்வதும் தொழிலாளி தேய்வதும் அந்தப் புத்தகத்தில் ஏறாது. நமது கரையிலும் மொத்தப் பிடிப்பை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஏமாந்து போவோம். எத்தனை மீட்டர் வலைக்கு எத்தனை கிலோ, எத்தனை மணி நேர உழைப்புக்கு எத்தனை கிலோ என்று கேட்க வேண்டும். அதைச் சொல்லக் கூடியவர் வலையை இழுத்தவர்தான்.

கணக்கு சரியாக இருந்தும் கை கொடுக்காத காலமும் வரும். அலாஸ்காவுக்கு அப்பால் பேரிங் கடலில் பனி நண்டு என்று ஒன்று. உலகத்திலேயே மிகக் கவனமாகக் கணக்கெடுக்கப்படும் நண்டுகளில் அதுவும் ஒன்று. 2018க்கும் 2021க்கும் இடையில் அந்த நண்டில் ஆயிரம் கோடிக்கு மேல் காணாமற் போயிற்று. கடல் சூடேறியதால் அவற்றுக்கு இரையின் தேவை கூடியது. இரை போதாமல் பட்டினி கிடந்து செத்தன என்று 2023இல் வெளியான ஆராய்ச்சி சொன்னது. 2022இல் சரித்திரத்தில் முதல் தடவையாக அந்தப் பிடிப்பு மூடப்பட்டது. அடுத்த ஆண்டும் மூடப்பட்டது. 2024இல் சிறிய அளவோடு திறந்தது. கடலைச் சூடாக்கியது நண்டுக்காரனா? இல்லை. வேலை இழந்தது யார்? நண்டுக்காரன்.

ஸ்டாப்வாட்சும் அளவுகோலும்

கணக்கெடுப்பைப் பற்றிச் சந்தேகப்படத் தொழிலாளிக்கு நியாயம் இருக்கிறது. மில்லில் ஒருவர் ஸ்டாப்வாட்சோடு வந்து நின்றால் என்ன நடக்கும் என்று அனுபவம் சொல்லியிருக்கிறது. சில வாரம் கழித்து வேலைப்பளு கூடும், ஆட்குறைப்பு வரும். "விஞ்ஞானப்படி கணக்கிட்டது" என்று நிர்வாகம் சொல்லும். ஆனால் சங்கம் அதற்கு என்ன செய்தது? கணக்கே வேண்டாம் என்று ஓடியதா? இல்லை. "எங்கள் ஆளையும் வைத்துக் கணக்கெடு. கணக்கை எங்களுக்குக் காட்டு. கூலியையும் சேர்த்துப் பேசு" என்று கேட்டது. கடலிலும் கேட்க வேண்டியது அதுவேதான்.

அளவு வைப்பதில் பல வகை உண்டு. இன்ன அகலத்துக்குக் குறைந்த நண்டைப் பிடிக்காதே என்பது ஒன்று. இந்தோனேசியா 2015இல் நீல நண்டுக்குப் பத்து செண்டிமீட்டர் என்று வைத்தது. கேரளம் அதே ஆண்டில் 14 இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்து, 2017இல் அதை 58 இனங்களாக விரித்தது. இன்ன காலத்தில் பிடிக்காதே என்பது இன்னொன்று. நமது கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. 2017க்கு முன்பு அது 45 நாள். மூன்றாவது வகை, ஆண்டுக்கு இத்தனை டன் என்று மொத்த அளவு வைத்து, அதைப் படகுக்குப் படகு பங்கு போட்டுக் கொடுப்பது.

இந்த மூன்றாவதில்தான் பெரிய பொறி இருக்கிறது. ஐஸ்லாந்து நாட்டில் 1984இல் பங்கு முறை வந்தது. 1990 சட்டம் அந்தப் பங்கை விற்கலாம், வாங்கலாம் என்று ஆக்கியது. சிறு படகுக்காரர்கள் கஷ்டம் வந்தபோது விற்றார்கள். பெரிய கம்பெனிகள் வாங்கின. மீன்பிடி ஊர்கள் சில, கண்ணெதிரே கடல் இருந்தும் மீன் பிடிக்கும் உரிமை இல்லாத ஊர்களாயின. நிலத்துக்குப் பட்டா போட்டு உழுதவனை வெளியேற்றிய கதை, தண்ணீரிலும் நடந்தது. நண்டைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் பாக் விரிகுடாவுக்குப் பட்டா போட யாராவது வந்தால், மீனவர்கள் அதை ஏற்கக் கூடாது. நாமும் ஏற்கக் கூடாது.

பாரம் யார் தலையில்?

கடற்புல் வெளியின் மேல் இழுவலையை இழுத்துக்கொண்டு போகும் விசைப்படகு, பெரிய நண்டையும் சிறு நண்டையும் அதன் வீட்டையும் சேர்த்தே வாரிக்கொண்டு போகிறது. நண்டு வலை போடுகிற நாட்டுப்படகு அப்படிச் செய்ய முடியாது. தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 1983ஆம் ஆண்டிலேயே வந்தது. கரையோரத்து மூன்று கடல்மைலை விசைப்படகுகளுக்கு மூடி, நாட்டுப்படகுக்கு ஒதுக்கினார்கள். ராமநாதபுரம் கரையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு, இரு தரப்பும் மோதி மோதிக் கண்ட ஏற்பாடு. விதி இருக்கிறது. விதி கரையோரத்தில் மீறப்படும்போது அறுபட்டுப் போவது நாட்டுப்படகுக்காரனின் வலை.

இந்த நிலைமையில் நாளைக்கு அளவு விதி வந்தால் என்ன ஆகும்? கரையில் கூடை சுமக்கும் பெண்ணை நிறுத்தி நண்டை அளந்து அபராதம் போடுவது எளிது. இழுவலையைக் கடலில் தடுப்பது கஷ்டம். கம்பெனி வாசலில் நின்று சிறு நண்டு உள்ளே போகிறதா என்று பார்ப்பதும் எளிதுதான். ஆனால் அதற்குத் துணிவு வேண்டும். வாங்க ஆள் இல்லையென்றால் சிறு நண்டை யார் பிடிப்பார்? ஆகவே அளவுகோல் முதலில் நிற்க வேண்டிய இடம் கம்பெனி வாசல்.

விசைப்படகில் போகிறவரும் கூலிக்காரர்தான், படகு அவருடையதல்ல. பிடிப்பில் பங்குதான் அவர் கூலி. படகு கட்டிக் கிடந்தால் பங்கும் இல்லை. ஆகவே இந்தச் சண்டையை நாட்டுப்படகுத் தொழிலாளிக்கும் விசைப்படகுத் தொழிலாளிக்கும் இடையில் மூட்டிவிட்டு முதலாளிகள் வேடிக்கை பார்க்க விடக் கூடாது.

அக்கரையிலும் தமிழ் பேசும் மீனவர்களே இருக்கிறார்கள். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அதே நீல நண்டைப் பிடித்துப் பிழைக்கிறார்கள். போர் முடிந்து கடலுக்குத் திரும்பியவர்களின் வலைகளை நம் பக்கத்து இழுவைப் படகுகள் அறுத்துவிட்டுப் போகின்றன என்பது அவர்கள் குறை, அது பொய்யல்ல. இலங்கை 2017இல் இழுவலையைச் சட்டப்படி தடை செய்தது. இங்கேயிருந்து போகிற தொழிலாளி சிறைப்படுகிறார், படகு முடக்கப்படுகிறது. 1974இல் வரைந்த எல்லைக்கோடு மனிதனைப் பிடிக்கிறது. நண்டு அதன் அடியில் இங்கும் அங்கும் போய் வருகிறது. இரு கரையும் தனித்தனியே எண்ணிக்கொண்டிருந்தால் கணக்கு எப்படிச் சேரும்?

கணக்கில் வராத நண்டு

இப்போது அந்தத் தோட்டத்து அக்காவின் ஓடைக்கு வருவோம்.

கடல் நண்டு லட்சக் கணக்கில் முட்டையிடும். ஓடை நண்டோ கொஞ்சம் முட்டைகளே இட்டு, அவை குட்டி நண்டாகவே பொரிந்த பிறகும் சில நாள் வயிற்று மடிப்பில் சுமக்கிறது. அது நீந்திப்போய் வேறு கடலில் பிழைக்க முடியாது. ஒரு ஓடையில் அழிந்தால் அங்கே அழிந்ததுதான். காப்பிச் செடிக்கும் நெல்லுக்கும் தெளிக்கும் பூச்சிமருந்து மழையில் கழுவப்பட்டு ஓடைக்கு வருகிறது. வயல் நண்டைப் பற்றி விவசாயத் தொழிலாளிகள் சொல்லும் குறையும் இதுதான்.

உலகத்து நன்னீர் நண்டுகளைப் பற்றி 2009இல் ஒரு மதிப்பீடு வந்தது. ஆராயப்பட்ட இனங்கள் 1,280. அவற்றில் 227 இனங்கள் அழியும் ஆபத்தில் அல்லது அந்த ஆபத்தை நெருங்கிய நிலையில் இருந்தன. 628 இனங்களைப் பற்றி முடிவு சொல்லப் போதிய தகவலே இல்லை. ஏறக்குறையப் பாதி! ஏன் இல்லை? அமெரிக்காவுக்குப் போகும் நண்டுக்குக் கணக்கு உண்டு. தொழிலாளியின் ரசத்துக்குப் போகும் நண்டை எண்ண யாருக்கு அவசரம்? விலை பேசப்பட்ட பண்டமே எண்ணப்படுகிறது. இது நண்டுக்கு மட்டுமா பொருந்தும்?

இந்த மலையில் பாக்ஸைட் மண்ணை வெட்டி மேட்டூருக்கு ஏற்றிப் போனார்கள். டன் கணக்கு சுத்தமாக எழுதப்பட்டது. வெட்டிய பள்ளத்தில் எந்த ஊற்று வற்றியது என்று எத்தனை பேர் எழுதினார்கள்? வெட்டிய மண் மறுபடி முளைக்காது. நண்டு முளைக்கும், நாம் விட்டால் முளைக்கும். சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலத்தின் சாயத்தையும் சாக்கடையையும் சுமந்துகொண்டு காவிரியில் கலக்கிறது. காவிரியின் கிளைகள் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் வழியாகப் பாக் கடலைச் சேர்கின்றன. குகை காவிரிக்குப் போகிறது என்ற மலை ஜனங்களின் சொல் ஒருபுறம் இருக்க, தண்ணீர் போவது வாஸ்தவம். மலையில் ஊற்றுகிற விஷத்துக்கும் கடலில் குறைகிற நண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று எண்ண வேண்டாம்.

நமது கோரிக்கைகள்

ஆகவே நாம் சொல்வது இதுதான்:

1. நண்டின் கணக்கு எடுக்கப்படட்டும். ஆனால் மீனவர், வலையிலிருந்து நண்டு பிரிக்கும் பெண்கள், சதை எடுக்கும் பெண்கள் ஆகியோரின் பிரதிநிதிகள் அதில் உட்கார வேண்டும். கணக்கு முழுவதும் தமிழில் எழுதி ஒவ்வொரு கரையிலும் ஒட்டப்பட வேண்டும்.

2. சிறு நண்டுக்கும் சினை நண்டுக்கும் பாதுகாப்பு வேண்டும். அந்த விதி வாங்குகிற கம்பெனியையும் வியாபாரியையும் முதலில் கட்ட வேண்டும். வலையில் வந்த சினை நண்டைக் கூண்டில் வைத்துக் குஞ்சு பொரிந்தபின் விற்கும் "நண்டு வங்கி"யைத் தாய்லாந்து மீனவர்கள் நடத்துகிறார்கள். இங்கேயும் கூட்டுறவு மூலம் ஊருக்கு ஊர் சர்க்கார் செலவில் அமைக்கலாம்.

3. கடற்புல் வெளிகளும் கரையோரத்து மூன்று கடல்மைலும் இழுவலையிலிருந்து மெய்யாகவே காக்கப்பட வேண்டும். இழுவலையை விட்டு வேறு தொழிலுக்கு மாறும் கூலித் தொழிலாளிக்கு மாற்று வேலை உறுதி செய்யப்பட வேண்டும்.

4. தடைக்காலத்தில் மீனவர் குடும்பங்களுக்குத் தரும் நிவாரணம், அளவு விதியால் வருமானம் குறையும் நாட்டுப்படகுக்காரருக்கும், வேலை நின்றுபோகும் கம்பெனிப் பெண் தொழிலாளருக்கும் விரிவாக்கப்பட வேண்டும். கடனில்லா வலைக்குக் கூட்டுறவுக் கடன் வேண்டும். முன்பணச் சங்கிலி அறுபடாமல் எந்த விதியும் நிற்காது.

5. பிடிக்கும் உரிமையை விற்பனைச் சரக்காக்கும் எந்தத் திட்டமும் வேண்டாம்.

6. இரு கரை மீனவர் சங்கங்களும் உட்கார்ந்து பேசி, ஒரே கணக்காக எடுக்க இரு சர்க்கார்களும் வழி செய்ய வேண்டும்.

7. சேர்வராயன் மலை ஓடைகளிலும் வயல்களிலும் உள்ள நண்டும் எண்ணப்பட வேண்டும். ஓடைத் தண்ணீரைச் சோதித்து, முடிவை மலைக் கிராமங்களில் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும்.

கோயில் மேட்டில் கேள்வி கேட்ட தோழருக்கு நமது பதில்: அளவு வைப்பது ஏழை வயிற்றில் அடிப்பதல்ல, அளவு வைப்பதன் செலவை ஏழை தலையில் மட்டும் கட்டுவதுதான் ஏழை வயிற்றில் அடிப்பது. அளவு இல்லாவிட்டால் நாளைக்கு அவனுக்கு நண்டு இல்லை. நியாயம் இல்லாவிட்டால் இன்றைக்கே அவனுக்குச் சோறு இல்லை. இரண்டையும் சேர்த்துக் கேட்பவனே அவனுக்கு நண்பன்.

தோட்டத்து அக்காவுக்கு நமது பதில் வேறு. உங்கள் ஓடையை எண்ண யாராவது வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். எந்த ஓடையில் எந்த மாதம் நண்டு இருந்தது, எப்போது மருந்து தெளித்தார்கள், எப்போது காணாமற் போயிற்று என்று உங்கள் பிள்ளைகளை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த மே மாதம் திருவிழாவுக்கு வரும்போது அந்த நோட்டைக் கொண்டு வாருங்கள். சேலத்து மில் தொழிலாளிகள் அதைக் கையில் வாங்கிக்கொண்டு உங்களோடு கலெக்டர் ஆபீசுக்கு வரட்டும். சர்க்கார் எண்ணாததை நாம் எண்ணத் தொடங்குவோம்.